அடைபட்ட சுழி

கடையில் மீந்தது அரை டப்பா.
ஒரு வங்கியின் கண்ணாடிக் கதவை
இடுப்பளவுக்குப் பனியாக்கிவிட்டு
மிச்சத்தைக் குப்பையில் போடச் சொன்னார் முதலாளி.
போடவில்லை.

குதைபியாவில் எங்கள் அறையில் ஆறு கட்டில்,
ஆறு கண்ணாடி டம்ளர்.
டீத்தூளோடு இலவசமாக வந்தவை, அச்சு அசலாக ஒன்றே.
யாருடையது யார் வாயில் என்று
வாரம் ஒரு சண்டை.
ஏழுமலை எச்சில் பார்ப்பார்.
இத்ரீஸ் எதையும் பார்க்கமாட்டான்,
பல் துலக்கவும் கைக்கு எட்டியதுதான்.

ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரத்துக்கு
அரபி தெரியும், ஆங்கிலம் தெரியும்.
தமிழைக் கொடுத்தால் கட்டம் கட்டமாகத் துப்பும்.
கழித்துப்போட்ட துண்டுகளில்
பிளேடால் நானே வெட்டினேன்.
அப்போதுதான் தெரிந்தது
நம் எழுத்தில் எத்தனை சுழி.
சுற்றி அறுத்தால் நடுவிலிருக்கும் துணுக்கு
உதிர்ந்துவிடுகிறது.
கடுகை விடக் கொஞ்சம் பெரிசு.
இடுக்கியால் பொறுக்கி
அதன் இடத்தில் திரும்ப நடவேண்டும்.
ரூபனுக்குப் பத்து நிமிடம்.
ஞானசிகாமணிக்கு
வியாழன் இரவு முழுக்கப் போயிற்று.
'உங்கப்பா சுருக்கமா வெச்சிருக்கக் கூடாதா?'
'அவரு பேரு இதைவிட நீளம்.'

வெள்ளிக் காலை.
இருப்பது ஒரு குளியலறை, உள்ளே தாழ்ப்பாள் போட்டு நான்.
ஓடுகிற எக்சாஸ்ட், இரண்டடுக்குக் கையுறை.
பார்வைக்குத் தயிர்தான்,
பட்டால் எலும்பு வரை போகும் என்றார்கள்.
தடிமனாகப் பூசு. ஐந்து நிமிடம் தொடாதே. கழுவு.
அவ்வளவுதான் வித்தை.
மூன்றாம் நிமிடம் ஏழுமலை கதவைத் தட்டினார்.
நான்காம் நிமிடம் இத்ரீஸ்,
'ஜும்மாவுக்கு நேரமாச்சு, உள்ள என்ன பிரசவமா?'

கழுவினேன். ஒன்றுமே இல்லை.
ஈரத்தில் வெறும் கண்ணாடி.
அரை டப்பாவும் வீண் என்று
துண்டை எடுத்துத் துடைத்தேன்.
துடைக்கத் துடைக்க
ஆறு பேரும் வந்தார்கள்,
நகத்தால் சுரண்டினாலும் போகாத வெள்ளையில்.
ஒரே ஒரு குறை.
மூன்று சுழி 'ணி'யில் முதல் சுழியின் துணுக்கு
எங்கோ விழுந்து
கண் அடைந்துபோயிருந்தது.
ஞானசிகாமணி விரலால் தடவிப் பார்த்தார்.
'மச்சம்' என்றார்.

மார்ச்சில் அவர் கம்பெனியை மூடினார்கள்.
பெட்டிக்கு முப்பது கிலோ.
டம்ளர் வேண்டாம் என்றார்,
உடைஞ்சா பிள்ளைங்க துணியெல்லாம் சில்லு.
ஐந்து நாள் அது கவிழ்ந்தே இருந்தது.

அந்தக் கட்டிலுக்கு வந்தவன் தில் பகதூர்,
போக்ராவுக்குப் பக்கம்,
சித்ராவில் சாரம் கட்டும் வேலை.
முதல் ராத்திரி டம்ளரை விளக்குக்கு நேரே தூக்கி
என்ன எழுதியிருக்கிறது என்று இந்தியில் கேட்டான்.
போனிலிருந்து கண்ணெடுக்காமல்
'பானி' என்றான் இத்ரீஸ்.
சிரித்தோம். யாரும் திருத்தவில்லை.

ஜூலையில் சித்ரா போனேன்,
பாதுகாப்புப் பலகைகள் ஒட்ட.
தலைக்கவசம் அணிக, நான்கு மொழியில்.
நம்முடையது அந்த நான்கில் இல்லை.
காலை பதினொரு மணிக்கே
ஏணியின் கம்பி கையைச் சுட்டது.
தார்ப்பாய் நிழலில் ஆரஞ்சு நிறத் தண்ணீர் டிரம்.
அதன் வயிற்றில் கறுப்பு மார்க்கரில்,
எழுதியதில்லை, வரைந்தது:
ஞானசிகாமணி.
ஒவ்வொரு வளைவும் என் பிளேடு போன வழி.
எங்கே கை நடுங்கினேனோ
அங்கே அவனும் நடுங்கியிருந்தான்.
'ணி'யின் முதல் சுழியை
அக்கறையாகக் கறுப்பு தீட்டி அடைத்திருந்தான்.

வரிசையில் பதினைந்து பேர்.
பேப்பர் கப் தீர்ந்து
கையைக் குவித்துக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.
எனக்கு முன்னால் நின்றவர்
தலைத்துண்டை அவிழ்த்து முகம் துடைத்தபடி
எழுத்துக்கூட்டிப் படித்தார்.
பிறகு திரும்பி, ஊர்ப் பேச்சில்,
'யாருங்க இது? காண்ட்ராக்டரா?'

'தண்ணி' என்றேன்.